அரியலூர் பங்களாவில் நாத்தனாரைப் பார்க்க வந்தவர்கள்

என் நாத்தனார் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டால் வீட்டில் ஒரு அதிகாரம் குறையும். அதற்காகத்தான் அவளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று நான் ஜெபம் பண்ணினேன். பிரியத்தினால் இல்லை. அவளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் ஒளிவு மறைவு வைத்துக்கொண்டதில்லை.

உலகச் சண்டை முடிந்தும் மண்ணெண்ணெயும் துணியும் சரியாகக் கிடைக்காத காலம் அது. திருமானூர்ப் பக்கம் வாய்க்கால் தண்ணீரும் நெல் வயலும் பார்த்து வளர்ந்த என்னைப் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் பருத்தி மண்டியில் வேலையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், சாப்பிட்டுத் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவார். மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார். மற்ற நாளெல்லாம் வீட்டில் மாமியாரும் நானும்தான். லீவு விட்டால் நாத்தனாரும் வந்து சேருவாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் திருச்சியில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்து, காலேஜிலும் இரண்டு வருஷம் முடித்திருந்தாள். வீட்டுக்கு வந்தால் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து புத்தகம் படிப்பாள். நான் கூட்டிக்கொண்டே வந்தால் தொங்கப்போட்ட காலைத் தூக்க மாட்டாள். அவள் காலைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போவேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணி, தண்ணி" என்பாள். செம்பைப் பக்கத்தில் வைத்தால் அதையும் பார்க்காமல் கையால் துழாவி எடுப்பாள். நான் வாய் பேசாதவள். கூச்சம் என்று ஊரில் சொல்வார்கள். கூச்சம்தான். ஆனால் வாய் பேசாதவளுக்கு உள்ளே ஒன்றும் ஓடாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஒருநாள் மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சேதி கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியைச் சபைச் செலவில் பட்டணத்து மெடிக்கல் காலேஜில் சேர்க்கப் போகிறார்களாம். படிப்பு முடிந்ததும் அவள் ஐந்து வருஷம் சபை ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். அதுவரைக்கும் கல்யாணம் கூடாது. அரியலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் மூன்று பேர் உட்கார்ந்து பெண்களைப் பார்த்துக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் சரி என்றால் இடம் நிச்சயம். ஆண்கள் இருக்கிற இடம் என்பதால் பெண்ணோடு துணைக்கு ஒரு பொம்பளை உள்ளே போகலாம். ஆனால் அந்தத் துணை வாயே திறக்கக் கூடாது.

"வாயத் தெறக்காத ஆளுன்னா உங்க மருமவதான்" என்று சொல்லிவிட்டு உபதேசியார் சிரித்தார்.

எனக்கு அப்போது எட்டாம் மாசம். வரப்போகும் வாரத்தில் என் தாய்வீட்டிலிருந்து கூட்டிப்போக வருவதாக இருந்தார்கள். மாமியார் அதைப் பொருட்படுத்தவில்லை. "பஸ்ஸுல உக்காந்து போறதுக்கு என்ன? இவ நடந்தா போகப்போறா?" என்றார்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குக் கல்யாணம் என்றால் நான் தாய்வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த நகைகள் அவள் கழுத்துக்குப் போகும். இதை மாமியார் என்னிடம் சொல்லவில்லை. கிணற்றடியில் நாலு பேரிடம் சொன்னார். எனக்கு அப்படித்தான் தெரியும். ஆக, அவள் அந்தப் பங்களாவில் ஜெயித்தால் என் நகை என்னிடம் இருக்கும், அவள் இருக்க மாட்டாள். தோற்றால் நகை போகும். கல்யாணம் கூடுகிறவரை அவளும் அந்தக் கட்டிலிலேயே கிடப்பாள்.

அரியலூருக்குப் போகிறதற்கு முதல்நாள் மாமியார் அவளைப் பாயில் உட்காரவைத்துப் பழக்கினார்.

"அம்மா, இது இன்டர்வியூம்மா. படிப்பைப் பத்திக் கேப்பாங்க."

"பேரு என்னவோ இருக்கட்டும்டி. முன்னபின்ன தெரியாத மூணு பேரு பொண்ணைப் பார்க்க வராங்க. அதுக்கு எப்படி உக்காரணும்னு எனக்குத் தெரியாதா? நிமிந்து பார்க்காத. மொதோ தடவ கேட்டதும் பதில் சொல்லாத, வாயாடின்னு நெனைப்பாங்க. ரெண்டாந்தடவ கேட்டா மெதுவா சொல்லு. பல்லு தெரியக் கூடாது."

"பல்லு தெரியாம எப்படிம்மா பேசுறது?"

"உங்க அண்ணி பேசல? இவளைப் பார்க்கப் போனப்ப பேரு என்ன, எத்தினி வகுப்பு படிச்சேன்னு கேட்டேன். ரெண்டுக்கும் சேத்து ஒரு தடவ தலையை ஆட்டினா. அங்கயே பேசி முடிச்சுட்டேன்."

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் தெனம் பார்க்கிறேனே, நீ பேசி முடிச்சத" என்றாள்.

நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

விடுதியில் கட்டுகிற வெள்ளை நூல் புடவைதான் கட்டுவேன் என்று அவள் நின்றாள். அது தாலியறுத்தவள் கட்டுகிற புடவை என்று மாமியார் நின்றார். கடைசியில், என் கல்யாணப் பட்டைக் கட்டாவிட்டால் தான் பஸ் ஏறப்போவதில்லை என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியைத் திறந்து புடவையை எடுத்துக் கொடுத்தவள் நான். என் அட்டிகை, என் வளையல், என் ஜிமிக்கி எல்லாம் அவளுக்குப் போட்டாயிற்று. தலை நிறையக் கதம்பம் வைத்தார் மாமியார். அவள் முகத்தைப் பார்த்தால் சாவு வீட்டுக்குக் கிளம்பியவள் போல இருந்தது.

பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ் கரியில் ஓடியது. பின்னால் ஒரு பெரிய அடுப்பு இருக்கும். கண்டக்டர் இறங்கிக் கம்பியை விட்டுக் கிளறினால்தான் வண்டி நகரும். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். "எல்லாரும் எறங்குங்க, மேட்டுல ஏறி நில்லுங்க" என்று சத்தம் போடுவார். எல்லாரும் இறங்கினோம். பட்டில் கரி படும் என்று அவளை மட்டும் மாமியார் இறங்க விடவில்லை. அதிரசம், முறுக்கு வைத்த தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்தேன். கால் இரண்டும் உரல் மாதிரி கனத்தது. கொலுசு சதைக்குள் பதிந்து கிடந்தது. ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

பங்களா வாசலில் எங்களுக்கு முன்பே மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. படிக்க வந்த பெண்கள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இங்கிலீஷில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தி வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வீட்டுப் பெண், கையெல்லாம் காய்த்துப்போய், வந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வெளிர்நீலப் புடவையில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் நிமிர்ந்து நான் பார்க்கவில்லை.

"பார்த்தியா, அதான் பொண்ணு" என்று மாமியார் மகளின் விலாவில் இடித்தார்.

கொடிக்கால்காரப் பெண்ணின் அம்மா என் நாத்தனாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிச்சயம் பண்ணிட்டீங்களா? மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டாள். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாத்தனார் தலையிலிருந்த கதம்பத்தை அப்படியே பிய்த்து என் மடியில் போட்டாள். நான் அதைத் தூக்குப்பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது உங்க மருமவளா?" என்று அந்த அம்மா என்னைக் காட்டினாள். "வயித்துப்புள்ளக்காரிய எதுக்குங்க இந்த வெயில்ல இழுத்துக்கிட்டு வந்தீங்க?"

"நாங்கல்லாம் களை எடுத்த எடத்துலயே பெத்துப் போட்டவங்க" என்றார் மாமியார்.

"அதான் பொண்ணை டாக்டராக்க வந்துட்டீங்களாக்கும்."

மாமியார் முந்தானையை உதறிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

முதலில் உள்ளே போனவள் இங்கிலீஷ் முணுமுணுத்த பெண். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "படிச்சது ஒண்ணும் கேக்கல. கோழி அறுத்திருக்கியான்னு கேட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னாள். அதைக் கேட்டதும் கொடிக்கால்காரப் பெண் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அவளையும் உள்ளே கூப்பிட்டு, போன வேகத்தில் வெளியே அனுப்பினார்கள். வெளிர்நீலப் புடவைக்காரி போனாள். உள்ளே யாரோ கேட்கிற சத்தம் வந்தது, பதில் சத்தம் வரவே இல்லை. அவள் வெளியே வந்து பழைய இடத்தில் பழையபடியே உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் லேடி டாக்டர். வெள்ளைப் புடவை, கண்ணாடி, பூவோ பொட்டோ இல்லாத முகம். நம் பக்கத்துப் பேச்சு இல்லை, புத்தகத்தில் இருப்பதுபோல் பேசினார். ஒரு பக்கம் அங்கி போட்ட கோயில் சாமியார். இன்னொரு பக்கம் ஒரு மிராசுதார். அந்தப் பங்களாவும் அவருடையது, படிப்புக்குச் சபைக்குப் பணம் கொடுப்பவரும் அவர்தான் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். என்னைக் கதவோரம் ஒரு முக்காலியில் உட்காரச் சொன்னார்கள். நாத்தனாருக்கு முன்னால் நாற்காலி கிடந்தது. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றாள்.

"இது என்ன உடை?" என்றார் லேடி டாக்டர். "கல்யாணத்துக்கு வந்தாயா?"

"எங்கம்மா கட்டச் சொன்னாங்க. பொடவை அண்ணியோடது."

"நகை?"

"அதுவும் அண்ணியோடதுங்க."

டாக்டர் இங்கிலீஷுக்கு மாறினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்வி சாட்டை மாதிரி வந்தது, பதிலும் அதே வேகத்தில் போனது. ஒரு தடவை அவள் தடுமாறினாள். டாக்டர் மேசையை விரலால் தட்டிக்கொண்டே காத்திருந்தார், உதவிக்கு ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து டாக்டரின் முகத்தைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தாள். வீட்டில் பாயில் பழக்கியது எல்லாம் காற்றோடு போயிற்று. பல்லும் தெரிந்தது.

மிராசுதாருக்குப் பொறுக்கவில்லை. "இங்கிலீஷு கெடக்கட்டும்மா. இந்தா புள்ள, அங்க போனா செத்த பொணத்தை அறுக்கணும். ஆம்பளைப் பொணம். அறுப்பியா?"

"அறுப்பேங்க."

"வெக்கமா இருக்காது?"

"பொணத்துக்கு இருக்காதுங்க."

சாமியார் இருமினார். மிராசுதார் முகம் இறுகியது. "பெரிய பேச்சா இருக்கே. கோழி அறுத்திருக்கியா?"

"இல்லைங்க. எங்க வூட்டுல அண்ணிதான் அறுப்பாங்க."

"கையைக் காட்டு" என்றார் டாக்டர். அவள் நீட்டினாள். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் இறைப்பது யார்?" என்றார்.

"அண்ணி."

"விறகு?"

"அண்ணிதாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். எனக்கு முக்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அப்படி இழுத்துக்கொண்டதைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும்.

"இவர்தானே அந்த அண்ணி? எத்தனையாவது மாதம்?" என்று அவளைக் கேட்டார்.

அவள் யோசித்தாள். "ஏழோ எட்டோ இருக்கும்."

"ஒரே வீடு. ஒரே சோறு. ஏழோ எட்டோ! சரி. திரும்பிப் பார்க்காமல் சொல். அவருடைய எந்தக் கால் வீங்கியிருக்கிறது?"

அவள் தலை என் பக்கம் திரும்பப் போய்ப் பாதியில் நின்றது.

"உனக்குத் தெரியாது. இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. கதவைத் தாண்டி வரும்போதே நான் பார்த்தேன். நீ பக்கத்திலேயே இருந்து பார்க்கவில்லை. நீ டாக்டராகி என்ன செய்யப் போகிறாய்?"

மிராசுதார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். போயிற்று, இடம் போயிற்று, என் அட்டிகையும் போயிற்று என்று நினைத்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, "உங்கள் நாத்தனார் ஒரு தடவையாவது உடம்பு எப்படி இருக்கிறது என்று உங்களைக் கேட்டதுண்டா? தலையை ஆட்டினால் போதும்" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டவில்லை. வாயைத் திறந்தேன். "கேட்டாங்க. தெனமும் கேப்பாங்க" என்றேன். அவள் எப்படியாவது ஒழிய வேண்டும் என்கிற வேகத்தில் வந்த பேச்சு அது.

"பொய்யி" என்றாள் நாத்தனார். "நான் ஒரு நாளும் கேட்டதில்லைங்க. அண்ணி எதுக்கு இப்படிச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க சொல்லி எனக்கு ஒண்ணும் ஆவ வேணாம்."

கொடுத்ததை மூஞ்சியில் விட்டெறிந்த மாதிரி இருந்தது.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்படியானால் இப்போது கேள்."

அவள் வந்து என் எதிரில், என் பட்டுப் புடவையோடு தரையில் மண்டியிட்டாள். கொலுசைத் தள்ளிவிட்டு என் கால் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி குழி அப்படியே இருந்தது. அவள் முகம் கொஞ்சம் மாறியது. "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்றாள்.

நான் காலை உள்ளே இழுத்தேன்.

"தலை வலிக்குதா? ஒண்ணுக்குச் சரியாப் போவுதா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் சாமியார். இன்னொருவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கூத்துப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். நான் தரையைப் பார்த்தேன். அவள் மறுபடி கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் என் கண் போன இடத்தைப் பார்த்தாள், திரும்பி அவர்களைப் பார்த்தாள், எழுந்து நின்றாள்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போங்க. நீங்க இருந்தா இவங்க வாயத் தெறக்க மாட்டாங்க."

சாமியார் உடனே எழுந்துவிட்டார். மிராசுதார் அசையவில்லை. "என்ன சொன்ன?"

"வெளிய போங்கன்னு சொன்னேங்க."

"எம் பங்களாவுல உக்காந்திருக்கிற என்னையா வெளிய போங்கற? எம் பணத்துல படிக்க வந்தவ?"

"கொஞ்ச நேரம்தான். போய்விட்டு வாருங்கள்" என்றார் டாக்டர், அவரைப் பார்க்காமலே. மிராசுதார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அது சுவரில் மோதி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

கதவைச் சாத்திய பிறகு நான் சொன்னேன். ஒரு மாசமாகத் தலைவலி, காலையில் முகம் அதைத்து வீக்கம், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது, அடுப்பு மூட்டக் குனிந்தால் இருட்டிக்கொண்டு வருகிறது, எல்லாம் சொன்னேன்.

"இதை ஏன் வூட்டுல சொல்லல?" என்று அவள் சீறினாள்.

"யாரு கேட்டா?" என்றேன்.

டாக்டர் எழுந்துவந்து என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், கை விரலை மடக்கச் சொன்னார். பிறகு அவளிடம், "இப்போது இவருக்கு என்ன செய்வாய்?" என்றார்.

"தெரியாதுங்க."

"தெரியாது என்பதை இத்தனை நிமிர்ந்து நின்று சொல்கிறாய்?"

"தெரிஞ்சா நான் எதுக்குங்க இங்க வரணும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் அவளை ஒன்றும் கேட்கவும் இல்லை. "உப்பை அடியோடு நிறுத்துங்கள், படுத்தே இருங்கள், பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு எங்களை அனுப்பிவிட்டார்.

வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மூன்று பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு சாமியார் மட்டும் வந்து மாமியாரை ஓரமாகக் கூப்பிட்டார். பக்கத்திலிருந்த என் காதிலும் விழுந்தது.

"டாக்டரம்மாவுக்கு உங்க பொண்ணுதான் வேணும். நானும் சரின்னுட்டேன். ஆனா பணம் குடுக்கிறவரு கோவமா இருக்காரு. தோட்டத்துல உக்காந்திருக்காரு. பொண்ணு போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு."

மாமியார் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து ஒரு தட்டில் அதிரசத்தை அடுக்கினார். "எந்திரி. இதைக் குடுத்துட்டுக் கால்ல விழு."

அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் அவள் பக்கம் குனிந்தேன். "சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே."

"உங்களுக்கென்ன இவ்வளவு அவசரம்?"

"நீ போனாத்தான் எனக்கு நிம்மதி."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள். அந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவள் தட்டை வாங்கிக்கொண்டதில்தான் எனக்குத் தெரிந்தது. மாமியாரும் நானும் பின்னால் போனோம். வாசலில் இருந்தவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

மிராசுதார் மாமரத்தடியில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவள் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"மன்னிச்சுக்குங்க. மரியாதையில்லாமச் சொல்லிட்டேன்."

"தலையைக் குனிஞ்சு சொல்லு."

அவள் குனிந்தாள். அவள் குனிந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதே வார்த்தையை மறுபடி சொன்னாள். மாமியார் மூச்சு விட்டார். நானும்தான்.

"சரி" என்றார் அவர். "இனிமே எந்த எடத்துலயும், எந்த ஆம்பளையையும் வெளிய போன்னு சொல்ல மாட்டேன்னு சொல்லு. கையெழுத்துப் போட்டுடறேன்."

சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் சொல்லத்தான் வாயெடுத்தாள். உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்துவிட்டாள்.

"அது முடியாதுங்க. பொம்பளைக்கு வைத்தியம் பார்க்கப் போறவ அதைச் சொல்லாம எப்படிங்க இருக்க முடியும்?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவளைத் தாண்டி வாசலைப் பார்த்து, சாமியாரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "அந்தா, தலையைத் தூக்காம உக்காந்திருக்கே ஒரு பொண்ணு, நீலப் பொடவை. அது யாரு வூட்டுப் பொண்ணு? அதுக்குக் குடுங்க. பார்த்தாலே தெரியல, அடக்கமான பொண்ணுன்னு?"

அந்தப் பெண் அப்போதும் தலையைத் தூக்கவில்லை. அவளுடைய அம்மாதான் அழுதுகொண்டே ஓடிவந்து அவர் காலைத் தொட்டாள். லேடி டாக்டர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பெண் போய்ப் படித்தாளா, முடித்தாளா, எனக்குத் தெரியாது.

"நான் சொன்னேன்ல" என்றார் மாமியார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னார், பஸ் ஏறிய பிறகும் சொன்னார். "டாக்டருக்குன்னாலும் பொண்ணு பார்க்கிறது பொண்ணு பார்க்கிறதுதான்னு சொன்னேன்ல. கேட்டியா?" அவர் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று பேர் உட்கார்ந்து, இங்கிலீஷில் கேட்டு, கையைப் பார்த்து, காலைப் பார்த்து, கடைசியில் என் மாமியார் என்னைத் தேர்ந்தெடுத்த மாதிரிதான் அந்த மனுஷனும் ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்தான்.

மேட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கச் சொன்னார். நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க" என்று என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு நாத்தனார் இறங்கினாள். மாமியார் கத்தக் கத்த, கரியிலும் புழுதியிலும் புடவை புரள நடந்தாள். அது என் புடவை. ஒரு பேச்சுக்காவது அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என்னை அவள் படுத்திய பாடு சொல்லி முடியாது. எனக்கு மட்டும் தனிப் பானையில் உப்பில்லாத கஞ்சி வைத்தாள். அவளுக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது, பாதி தீய்ந்திருக்கும். நான் ஒளித்து வைத்திருந்த மாங்காய் ஊறுகாயைக் கண்டுபிடித்துக் குப்பைமேட்டில் கொட்டினாள். கட்டிலை எனக்குப் போட்டுவிட்டு, எழுந்தால், "படுங்கன்னா படுங்க" என்று விரட்டினாள். அம்மாவும் மகளும் என்னை வைத்துச் சண்டை போட்டார்கள். "டாக்டராவல, அதுக்குள்ள வைத்தியமா?" என்று மாமியார் கேட்டால், "ஆவலைன்னுதான் இவங்களோட நிறுத்திக்கிட்டேன்" என்பாள். தாய்வீட்டிலிருந்து அண்ணன் கூட்டிப்போக வந்தபோது, ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று அவரைச் சத்தியம் பண்ண வைத்துத்தான் அனுப்பினாள். என் அண்ணன் பயந்தே போனார். போகும்போது அவள் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பியதே பெரிசு என்று அங்கே சொன்னார்கள்.

நான் குழந்தையோடு திரும்பிவந்தபோது ஆண்டிமடத்துச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. நகைப் பெட்டி மாமியார் அறைக்குப் போயிருந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பந்தியில் உறவுக்காரப் பொம்பளைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன்.

"ஏங்க, உங்க பொண்ணுக்கு டாக்டர் படிப்பு கெடச்ச மாதிரி சொன்னாங்களே, என்ன ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லாம் கெடச்சுதான் இருந்துச்சு" என்றார் மாமியார். "இதோ நிக்கிறாளே, இவளோட கால் வீக்கத்தாலதான் போச்சு. துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போனது என் தப்பு."

பந்தி முழுக்க என் காலைப் பார்த்தது. வாளிக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

எதிர் இலையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "கால் இல்லம்மா. என் வாயாலதான் போச்சு. நான்தான் சொன்னேன், நான்தான் தொலைச்சேன். அந்தப் பெருமைய எதுக்கு இவங்களுக்குத் தூக்கிக் குடுக்கற?"

பிறகு இலையை முன்னால் தள்ளி, என்னைப் பார்க்காமல், "அண்ணி, சாம்பார்" என்றாள்.